ராத்திரி ரெண்டு மணி அலாரமும் மூணு கதவும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி, அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. இன்னிக்கு எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் கோவம். கோவத்துல எழுதினா திட்டு மட்டும்தான் வரும்னு தெரியும். அதனால ஒரு வாரம் ஆறப் போட்டு, பழைய டிராய் பேப்பரையெல்லாம் தோண்டிப் படிச்சிட்டு, அதுக்கப்புறம்தான் எழுதறேன். பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துட்டு வந்துடுங்க.

விஷயம் இதுதான். போன மாசம் 24ஆம் தேதி. தங்கமணி உள் ரூம்ல மீட்டிங்ல இருக்காங்க. நான் ஹால்ல ஒரு ரிலீஸுக்காக பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். திடீர்னு ரெண்டு பேர் ஸ்கிரீனும் உறைஞ்சு போச்சு. கஸ்டமர் கேர்க்கு போன் போட்டா, "சார், உங்க 400 ஜிபி முடிஞ்சிடுச்சு. ஒண்ணாம் தேதி வரைக்கும் 2 எம்பிபிஎஸ்தான் வரும்"னு பொறுமையா ஒரு பொண்ணு சொல்லிச்சு. சரி, வேற கம்பெனிக்கு மாறிடலாம்னு பக்கத்துத் தெருவுல கனெக்‌ஷன் கொடுக்கறவரைக் கூப்பிட்டேன். அட்ரஸைக் கேட்டதுமே சிரிச்சிட்டார். "அந்த அபார்ட்மென்ட்டா சார்? உள்ள கேபிள் இழுக்க எங்களுக்கு பெர்மிஷன் கிடையாது சார்."

அசோசியேஷன் செக்ரெட்டரி கிட்ட போனேன். நல்ல மனுஷர், ரிட்டயர்ட் ஆனவர். "தம்பி, பில்டர் காலத்துலயே அக்ரிமென்ட் போட்டுட்டாங்க. ஒரே கம்பெனின்னா நமக்கும் தலைவலி இல்ல பாருங்க"ன்னார். (கம்பெனி பேரு வேண்டாம் மக்களே. பேரை மாத்திப் போட்டாலும் இதே கதை பல கட்டடத்துல நடக்குது.)

400னு கேட்டதும் எனக்கு கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிடுச்சு. ஏன்னா நான் முதல்முதலா கேள்விப்பட்ட டேட்டா லிமிட்டும் 400தான். என்ன, அது ஜிபி இல்ல, எம்பி.

மணிக்கணக்கு காலம்

இந்தியாவுல பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15. கொடுத்தது வி.எஸ்.என்.எல். அப்ப நான் பொறக்கவே இல்ல. டயல்-அப் மோடம், 9.6 கேபிபிஎஸ் வேகம். மாணவர்களுக்கு விலை கம்மியா ஷெல் அக்கவுண்ட்னு ஒண்ணு உண்டு. அதுல வெறும் எழுத்துதான் வரும், படம் வராது.

அந்தக் காலத்து லிமிட் நேரத்துக்கு. இத்தனை மணி நேரம்னு காசு கட்டி வாங்கணும். அது போக டெலிபோன் பில் தனி. லோக்கல் கால் மூணு நிமிஷத்துக்கு ஒரு யூனிட்னு ஓடும். அதாவது ஒரே வேலைக்கு ரெண்டு மீட்டர். பேஜ் லோட் ஆகற வரைக்கும் சும்மா காத்துக்கிட்டு இருந்தாலும் ரெண்டு மீட்டரும் ஓடிக்கிட்டே இருக்கும். ஆட்டோவுல டிராபிக்ல மாட்டின மாதிரி.

1998 நவம்பர்ல இந்த ஏகபோகம் முடிஞ்சது. தனியார் கம்பெனிகளுக்கும் லைசென்ஸ் கொடுத்தாங்க, எத்தனை பேர் வேணும்னாலும் வரலாம்னாங்க. முதல்ல கடை விரிச்சது நம்ம சென்னையில இருந்த சத்யம் இன்ஃபோவே, அதாங்க சிஃபி. கொஞ்ச நாள்லயே ஊருக்கு ஊர் புதுப்புது கம்பெனிகள் முளைச்சது. காகிதத்துல பார்த்தா செம போட்டி. ஆனா போட்டி இருந்தது டயல் பண்ற நம்பர்ல மட்டும்தான். கடலுக்கு அடியில போற கேபிளும் ஒருத்தர் கையில, வீட்டுக்கு வர்ற கம்பியும் ஒருத்தர் கையில. இதைத்தான் நான் கதவுன்னு சொல்றேன். மொத்தம் மூணு கதவு.

முதல் கதவு: கடல்

நாம பார்க்கற பக்கங்கள்ல முக்கால்வாசி அப்ப அமெரிக்காவுல இருந்துச்சு. ஒவ்வொரு எம்பியும் கடல் தாண்டி வரணும். வெளிநாட்டுத் தொடர்புக்கு வி.எஸ்.என்.எல்லுக்கு இருந்த ஏகபோகம் 2002 ஏப்ரல் 1 வரைக்கும் நீடிச்சது. அதே வருஷம் பிப்ரவரியிலதான் அந்த கம்பெனி டாடா கைக்குப் போச்சு.

இதைவிட கொடுமை ஒண்ணு இருந்தது. தி.நகர்ல ஒரு கம்பெனி கனெக்‌ஷன், மயிலாப்பூர்ல இன்னொரு கம்பெனி கனெக்‌ஷன்னு வச்சுக்குங்க. இங்கேருந்து அங்க ஒரு மெயில் அனுப்பினா அது அமெரிக்காவையோ சிங்கப்பூரையோ சுத்திட்டுத்தான் வரும். ஏன்னா ரெண்டு கம்பெனியும் உள்ளூர்ல சந்திச்சு டிராபிக்கை மாத்திக்க ஒரு இடமே கிடையாது. நாலு கிலோமீட்டர் மெயிலுக்கு ரெண்டு தடவை கடல் வாடகை. 2003ல நிக்ஸின்னு ஒரு இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் ஆரம்பிச்ச பிறகுதான் இதுக்கு ஒரு வழி பிறந்தது. முதல்ல நொய்டா, பின்னாடி மும்பை, சென்னை, கொல்கத்தா.

கடல் கதவு மெல்லத் திறந்ததுல சென்னைக்கு பெரிய பங்கு உண்டு. 2002ல பாரதியும் சிங்டெல்லும் சேர்ந்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல ஐ2ஐ கேபிள் போட்டாங்க. டிசைன் கொள்ளளவு 8.4 டெராபிட். 2005 டிசம்பர்ல சீ-மீ-வீ 4 வந்தது, அதுவும் சென்னையில கரையேறுச்சு. ஆனா கேபிள் வந்தா மட்டும் போதுமா? கரையில அந்த கேபிள் வந்து சேர்ற ஸ்டேஷன் யார் கையில இருக்கோ அவங்க கதவைத் திறந்து விடணுமே. அதுல தகராறுதான். கடைசியில 2007ல டிராய் தனியா ஒரு ஒழுங்குமுறையே போட வேண்டியதாச்சு: ஸ்டேஷன் வச்சிருக்கறவங்க மத்தவங்களுக்கும் இடம் கொடுத்தே ஆகணும்னு.

ரெண்டாவது கதவு: தெரு

என்னைப் பொறுத்தவரைக்கும் கதையில முக்கியமான இடம் இதுதான். 2004.

அந்த வருஷம் ஏப்ரல்ல டிராய் அரசாங்கத்துக்கு ஒரு பரிந்துரை கொடுத்தது. நாட்டுல வீடுகளுக்குப் போற தாமிரக் கம்பி சுமார் 4 கோடி, எல்லாம் பி.எஸ்.என்.எல், எம்.டி.என்.எல் கையில இருக்கு. அதே கம்பியில மத்த கம்பெனிகளும் வாடகை கொடுத்து பிராட்பேண்ட் விட அனுமதிங்கன்னு சொன்னாங்க. கம்பி ஒருத்தரோடது, சேவை பல பேரோடது. இங்கிலாந்துல பி.டி கம்பெனியோட கம்பியை இப்படித்தான் 2001 வாக்குல மத்தவங்களுக்குத் திறந்து விட்டாங்க. 2006ல கம்பியைப் பார்த்துக்கறதுக்குன்னே ஓபன்ரீச்னு தனிப் பிரிவே வச்சாங்க.

அக்டோபர் 14ஆம் தேதி நம்ம அரசாங்கத்தோட பிராட்பேண்ட் கொள்கை வந்தது. கம்பியைப் பகிர்ந்துக்கறது கட்டாயம் இல்ல, வேணும்னா ரெண்டு தரப்பும் பேசி முடிச்சுக்கலாம்னு அதுல எழுதியிருந்தது. பேசி முடிக்கறதா? இட்லிக் கடைக்காரர்கிட்ட போய், உங்க அடுப்புல நான் இட்லி சுட்டு உங்க வாசல்லயே வித்துக்கறேன்னு கேட்டா பேசி முடிப்பாரா?

பி.எஸ்.என்.எல் பக்க நியாயத்தையும் சொல்லிடணும். அந்தக் கம்பி மக்கள் பணத்துல பல பத்து வருஷமா இழுத்தது. லாபமே வராத கிராமத்துக்கும் அவங்கதான் இழுத்தாங்க. தனியார் வந்தா அண்ணா நகரையும் அடையாறையும் மட்டும் கொத்திக்கிட்டுப் போவாங்க, நஷ்டம் மட்டும் எங்க தலையிலயான்னு கேட்டாங்க. இது சும்மா சாக்கு இல்ல. ஆனா வாடகையைச் சரியா நிர்ணயிச்சிருந்தா அந்தப் பணமே கிராமத்துக் கம்பிக்கு உதவியிருக்கும்ங்கறது என் கட்சி. பின்னாடி லேண்ட்லைனை ஜனங்க கும்பல் கும்பலா சரண்டர் பண்ணப்போ, அந்தக் கம்பி யாருக்குமே வருமானம் தராம மண்ணுக்குள்ள கிடந்ததுதான் மிச்சம்.

அந்தக் கொள்கையில இலக்கும் போட்டிருந்தாங்க. 2007 கடைசியில 90 லட்சம் பிராட்பேண்ட், 2010 கடைசியில 2 கோடி. நடந்தது 2007ல சுமார் 31 லட்சம், 2010ல சுமார் 1.1 கோடி. இதுல பிராட்பேண்ட்னா என்னன்னு நினைக்கிறீங்க? 256 கேபிபிஎஸ். அதுக்கு மேல இருந்தா அகலப்பாட்டையாம்!

400 எம்பி

2005 ஜனவரி 14, பொங்கல் அன்னிக்கு பி.எஸ்.என்.எல், எம்.டி.என்.எல் ரெண்டும் பிராட்பேண்ட் ஆரம்பிச்சாங்க. உண்மையிலேயே பெரிய விஷயம் அது. லேண்ட்லைன் இருக்கற சாதாரண வீட்டுக்கு, போன் பேசிக்கிட்டே நெட்டும் பார்க்கற வசதி. கொஞ்ச நாள்ல 250 ரூபாய் ப்ளான் வந்தது. மாசம் 400 எம்பி. தாண்டினா எம்பிக்கு சுமார் ஒரு ரூபாய்.

2007 ஜனவரி 1ல இருந்து வேகத்தை 2 எம்பிபிஎஸ் வரைக்கும் ஏத்தினாங்க. அதே விலை, அதே லிமிட். எல்லாரும் கை தட்டினோம். இப்ப ஒரு சின்ன கணக்கு போடுங்க. 400 எம்பின்னா 3,200 மெகாபிட். 2 எம்பிபிஎஸ்ல 1,600 செகண்ட். 27 நிமிஷம்கூட முழுசா ஆகாது. ஒரு மாச கோட்டாவை அரை மணி நேரத்துக்குள்ள காலி பண்ணலாம். வண்டியை புல்லட்டா மாத்திட்டு, டேங்கை மட்டும் பழைய மொபெட் டேங்காவே விட்ட மாதிரி.

இதுல தமிழுக்குன்னு ஒரு தனி கணக்கும் உண்டு. யூனிகோட்ல ஒரு இங்கிலீஷ் எழுத்து ஒரு பைட். தமிழ்ல 'க' மூணு பைட், 'கொ' ஆறு பைட். அப்ப தமிழ்ல படிக்கிறவனுக்கு லிமிட் சீக்கிரம் தீர்ந்துடுமான்னா, இல்ல. இந்த மாதிரி நீளமான பதிவே எழுத்து மட்டும் எடுத்தா 50 கேபி சுத்துலதான் வரும். 400 எம்பியில எட்டாயிரம் பதிவு படிக்கலாம். கோட்டாவைத் தின்னது எழுத்து இல்ல, படமும் வீடியோவும் நமக்கே தெரியாம ஓடற விண்டோஸ் அப்டேட்டும்தான்.

500 ரூபாய் ப்ளான்காரங்களுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. ராத்திரி 2 மணியில இருந்து காலை 8 மணி வரைக்கும் கணக்கே கிடையாது. மதுரையில எங்க வீட்டுல அந்த ப்ளான்தான். அண்ணன் தினமும் 2 மணிக்கு அலாரம் வச்சு எழுந்திருப்பான். "லினக்ஸ் சிடி இறக்கறேன்டா"ம்பான். காலையில பார்த்தா கம்ப்யூட்டர்ல ஜாக்கி சான் பறந்துக்கிட்டு இருப்பார். அப்பா ஒருநாள் அலாரம் சத்தத்துல எழுந்து வந்து, "இந்த நேரத்துக்கு எழுந்து பாடம் படிச்சிருந்தா இந்நேரம் கலெக்டர்டா நீ"ன்னு திட்டினது இன்னும் காதுல இருக்கு.

அந்த அலாரத்துக்குள்ள ஒரு உண்மை ஒளிஞ்சிருக்கறது நான் இந்தத் துறைக்கு வந்த பிறகுதான் உறைச்சது. ராத்திரி ஏன் இலவசம்? கம்பெனிக்கு செலவு எத்தனை எம்பி போகுதுங்கறதுல இல்ல. உச்ச நேரத்துல எவ்வளவு அகலமான குழாய் வேணும்ங்கறதுலதான் செலவு. சாயங்காலம் கூட்டத்துக்காக வாங்கின குழாய் ராத்திரி 2 மணிக்கு காலியாத்தான் கிடக்கும். அதுல எத்தனை ஜிபி போனாலும் கூடுதல் செலவுன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. மாச லிமிட்ங்கறது நெரிசலுக்கு மருந்துன்னு சொல்றாங்க. ஆனா 24ஆம் தேதி காலையில கோட்டா முடிஞ்சவனையும் 3ஆம் தேதி ராத்திரி 9 மணிக்கு நெரிசல் பண்றவனையும் அது பிரிச்சுப் பார்க்கறது இல்ல. கடல் விலை நெருப்பா இருந்த காலத்துல லிமிட்டுக்கு ஒரு நியாயம் இருந்தது. விலை இறங்கின பிறகும் அது நீடிச்சதுக்கு ஒரே காரணம்தான் எனக்குத் தெரியுது: போறதுக்கு நமக்கு வேற இடம் இல்லாதது.

அக்காவோட பதிவு

இதை எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். எழுதிடறேன்.

கோவில்பட்டியில சித்தப்பா வீடு. சித்தப்பா பொண்ணு, எனக்கு அக்கா, காலேஜ் படிக்கும்போது ஒரு வலைப்பூ வச்சிருந்தா. சமையல், ரயில் பயணம், ஹாஸ்டல் வார்டன்னு எழுதுவா. பின்னூட்டம் பத்து வந்துட்டா வீடே கொண்டாட்டமா இருக்கும். 2009ல சித்தப்பா ஒரு டேட்டா கார்டு வாங்கினார். எந்த கம்பெனின்னு கேட்காதீங்க. லிமிட்னு ஒண்ணு இருக்கறது அந்த வீட்டுல யாருக்கும் சரியாப் புரியல. ஒரு மாசம் பில் ஐயாயிரத்துக்கு மேல வந்துடுச்சு. சித்தப்பா பள்ளிக்கூடத்துல கிளார்க். அவர் ஒரு வார்த்தை திட்டல. கார்டை ஒரு கவர்ல போட்டு பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிட்டார். திட்டியிருந்தாகூட பரவாயில்லைன்னு அக்கா பல தடவை சொல்லியிருக்கா. அவளோட கடைசிப் பதிவு அந்த மாசத்தோடதுதான். 'அடுத்த பதிவில் தொடரும்'னு முடிஞ்சிருக்கும். தொடரவே இல்ல. அந்தப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கு, நான் அப்பப்ப போய்ப் பார்ப்பேன்.

அன்லிமிடெட்னா என்னங்க?

அதுக்கப்புறம் வந்தது எஃப்.யு.பி காலம். நியாயமான பயன்பாட்டுக் கொள்கையாம். வெளிய 'அன்லிமிடெட்'னு கொட்டை எழுத்து, அடியில எறும்பு எழுத்துல ஒரு லிமிட். 2012 ஜூலையில டிராய், லிமிட் எவ்வளவு, தாண்டினா வேகம் எவ்வளவுன்னு வெளிப்படையா சொல்லணும்னு உத்தரவு போட்டது. 2013ல பிராட்பேண்ட் இலக்கணம் 512 கேபிபிஎஸ் ஆச்சு. 2016 அக்டோபர்ல, லிமிட் தாண்டினாலும் வயர் கனெக்‌ஷன்ல வேகம் 512க்குக் கீழ போகக் கூடாதுன்னாங்க. 2023ல இலக்கணத்தை 2 எம்பிபிஎஸ்ஸா ஏத்தினாங்க. 2007ல நாம கை தட்டின அதே வேகம். இப்ப எனக்கு 24ஆம் தேதி தண்டனையா வர்ற வேகமும் அதுவேதான்.

நடுவுல 2016 செப்டம்பர் 5 ஜியோ வந்த கதை எல்லாருக்கும் தெரியும். மொபைல் டேட்டா விலை தரைக்கு வந்தது. ஆனா அது காத்துல வந்த போட்டி, கம்பியில இல்ல. 2020 கடைசியில நாட்டுல மொத்த பிராட்பேண்ட் சுமார் 75 கோடி, அதுல வயர் சுமார் 2.2 கோடிதான். வயர்ல லிமிட் நிஜமா உடைஞ்சது அந்த 2020ல. முந்தின வருஷம் ஜியோ ஃபைபர் வந்தப்போ 699 ரூபாய் ப்ளான்ல மாசம் நூத்திச்சொச்சம் ஜிபிதான். 2020 செப்டம்பர்ல 399 ரூபாயில இருந்து அன்லிமிடெட்னு மாத்தினாங்க. சில நாள்லயே ஏர்டெல்லும் இறங்கி வந்தது. அதுக்கும் எறும்பு எழுத்துல மாசம் 3,300 ஜிபின்னு ஒரு எல்லை உண்டு. ஆனா சாதாரண வீட்டுல அதைத் தொடறது கஷ்டம்.

இதைக் கவனிங்க மக்களே. ரெண்டு பெரிய கம்பெனி ஒரே தெருவுல மோதினதும், பதினஞ்சு வருஷமா முடியாதுன்னு சொன்னது சில நாள்ல முடிஞ்சுது. டெக்னாலஜி ஒண்ணும் அந்த ஒரு வாரத்துல மாறிடல.

மூணாவது கதவு: மாடிப்படி

கடல் கதவு திறந்தாச்சு. தெருக் கதவும் முக்கால்வாசி திறந்தாச்சு. மிச்சம் இருக்கறது எங்க அபார்ட்மென்ட் டக்ட். 2017 ஜனவரியிலேயே டிராய், ஒரு கட்டடத்துக்கு ஒரே கம்பெனின்னு தனி ஒப்பந்தம் போடறதைத் தடுக்கணும்னு பரிந்துரை கொடுத்திருக்கு. 2024ல கட்டடங்களுக்கே டிஜிட்டல் வசதிக்கு ரேட்டிங் கொடுக்கற ஒழுங்குமுறையும் வந்திருக்கு. பரிந்துரைங்கறது சட்டம் இல்லைன்னு 2004லயே பார்த்தோம். ஆனா மீட்டிங்ல காட்ட ஒரு காகிதம் கிடைச்சுதே!

போன ஞாயித்துக்கிழமை அசோசியேஷன் மீட்டிங். தண்ணி லாரி, லிஃப்ட், பார்க்கிங் எல்லாம் முடிஞ்சு கடைசியா நான் எழுந்திருச்சேன். பாதிப் பேர் கிளம்பிட்டாங்க. அந்த டிராய் பிரிண்ட் அவுட்டைக் கொடுத்து, "சார், கம்பெனியை விரட்டச் சொல்லல. இன்னொருத்தர் கேபிளுக்கும் டக்ட்ல இடம் விடுங்க, அவ்வளவுதான்"னேன். "போட்டி வந்தா சர்வீஸ் கெட்டுப் போகாதா தம்பி?"ன்னு ஒருத்தர் கேட்டார். பதில் சொல்றதுக்குள்ள மூணாவது மாடி பாட்டி, "என் பேரனோட வீடியோல பேச மாசக் கடைசியில முடியறது இல்லையே, ஏன்னு இப்பத்தானே புரியுது"ன்னாங்க. என் காகிதம் பண்ணாத வேலையை அந்த ஒரு வரி பண்ணிடுச்சு. மார்ச்ல அக்ரிமென்ட் புதுப்பிக்கும்போது 'ஒரே கம்பெனி'ங்கற வரியை எடுக்கறதைப் பத்திப் பேசலாம்னு மினிட்ஸ்ல எழுதியிருக்காங்க. எடுப்பாங்களான்னு தெரியாது. எழுதியாவது வச்சாங்களே.

உங்க அபார்ட்மென்ட் அக்ரிமென்ட்டையும் ஒரு தடவை வாங்கிப் படிச்சுப் பாருங்க. வாடகைக்கு இருக்கறவங்களும் கேட்கலாம், தப்பில்ல.

நேத்து அக்காவுக்கு இந்தப் பதிவோட ட்ராஃப்ட்டை அனுப்பினேன், அவ சம்மதம் இல்லாம போடக் கூடாதுன்னு. படிச்சிட்டு ரொம்ப நேரம் பதிலே இல்ல. அப்புறம் ஒரு மெசேஜ்: "அந்தப் பதிவுல வார்டன் கதை பாதியில நிக்குதுல்ல? மீதி எனக்கே மறந்துபோச்சுடா. பாஸ்வேர்டும்தான்."

பாஸ்வேர்டை மீட்க வழி இருக்குக்கா. கதைதான் நீ யோசிக்கணும்.

டிஸ்கி: இந்தப் பதிவு 24ஆம் தேதிக்குப் பிறகு ஏத்தினது. 2 எம்பிபிஎஸ்லயும் தமிழ் எழுத்து ஜம்முனு போகுது :-)